தண்ணில முங்குன ஸ்பிளெண்டர்

மழை சீசன் வந்தா ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு ஞாபகம் வரும். மிளகா பஜ்ஜி, இளையராஜா, பஸ்ல ஜன்னலோர சீட்டுன்னு. எனக்கு ஒரு பிளக் ஸ்பேனர் ஞாபகம் வரும். இப்பவும் என் மேஜை டிராயர்ல, பழைய சார்ஜர், காலாவதியான ஏடிஎம் கார்டு எல்லாத்துக்கும் நடுவுல அது கெடக்கு. தங்கமணி ரெண்டு தடவை பழைய இரும்புக்காரன்கிட்ட போடப் பாத்தாங்க. ரெண்டு தடவையும் காப்பாத்திட்டேன். ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்குங்க மக்களே.

2008 நவம்பர் கடைசி. நான் சென்னைல ஆணி புடுங்கிக்கிட்டிருந்த காலம். நிஷான்னு ஒரு புயல் 27ஆம் தேதி விடிகாலைல காரைக்கால் பக்கம் கரையைக் கடந்துச்சு. பேரைக் கேட்டா ஏதோ சினிமா நடிகை மாதிரி இருந்துச்சு. ஆனா அது கொண்டாந்த மழை இருக்கே! எங்க பக்கம் ஒரத்தநாட்டுல ஒரே நாள்ல 66 செ.மீ. கொட்டித் தீத்துச்சு. சென்னைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, 2015 டிசம்பர்ல ஊரையே முக்குன அன்னிக்குத் தாம்பரத்துல பதிவானது 49 செ.மீ. (2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல 95 செ.மீ. பேஞ்சுது, அது வேற கதை.)

அந்த வாரம் டிவியைப் போட்டா எந்த சேனல்லயும் மும்பைதான். தாஜ் ஹோட்டல் எரியுது, கமாண்டோ இறங்குறாங்க. நாடே அங்க பாத்துக்கிட்டு இருந்துச்சு, தப்புச் சொல்ல முடியாது. ஆனா டெல்டால என்ன ஆச்சுன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது கீழே ஓடுற எழுத்துலதான். வீட்டு போன் செத்துப் போச்சு. அப்பா மொபைல் சுவிட்ச் ஆஃப். கரண்ட் இருந்தாத்தானே சார்ஜ் போடுவாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் புடிச்சேன்.

தஞ்சாவூர்ல இறங்கி, அங்கேர்ந்து ஒரு பஸ்ஸு பாதி வழி வந்துச்சு. மீதி நடை. ரெண்டு பக்கமும் வயலு எது, வாய்க்கால் எது, குளம் எதுன்னு தெரியல. ஒரே தண்ணி. சம்பா நடவு முடிஞ்சு தூர் கட்டற பருவம். அப்பா போட்டிருந்தது பொன்மணி, அதான் சி.ஆர். 1009. ஒரு பயிரு நுனி கூட வெளில தெரியல.

வீட்டு வாசல்ல நம்ம ஹீரோ. சாரி, ஹீரோ ஹோண்டா. 1999 மாடல் ஸ்பிளெண்டர். அப்பா சொந்தக் காசுல வாங்குன முதல் வண்டி. சீட்டு வரைக்கும் ஒன்றரை நாள் தண்ணில நின்னிருக்கு. தண்ணி வடிஞ்சப்பறம் ரெண்டு பேரைப் புடிச்சுத் திண்ணை மேல தூக்கி வச்சிருந்தாங்க. சைலன்சர் வாயில ஒரு கைப்பிடி சேறு. ஸ்போக்ஸ்ல ஆகாயத்தாமரை சுத்திக்கிட்டு ஏதோ கல்யாண ஊர்வலத்துக்கு ஜோடிச்ச மாதிரி நின்னுச்சு.

அப்பா வீட்டுல இல்ல. வடிகால்ல நெய்வேலி காட்டாமணக்கு அடைச்சுக்கிட்டு தண்ணி இறங்காம நிக்குதுன்னு அரிவாளும் ஆளுமா போயிருந்தாரு. அம்மா மட்டும் இருந்தாங்க. அம்மாவுக்கு சுகர். மாத்திரை அட்டையெல்லாம் ஊறிப் போச்சு. இன்சுலின் ஊசி மருந்து இன்னும் ஒரு வேளைக்குத்தான் வரும்னாங்க, அதையும் ஏதோ உப்பு தீந்து போச்சுங்கற மாதிரி.

எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. மெடிக்கல் இருக்கறது அஞ்சு கிலோமீட்டர் தள்ளி. வண்டி நிக்குது, சாவி ஆணில தொங்குது. வேற என்ன யோசனை வரும்? பெட்ரோலைத் திறந்தேன், சோக்கைப் போட்டேன், கிக்கர்ல ஏறி ஒரு உதை.

இறங்கல.

ஏதோ கருங்கல்லை உதைச்ச மாதிரி இருந்துச்சு. இன்னொரு உதை. கொஞ்சம் நகந்து 'ணங்'குன்னு நின்னுச்சு. மூணாவதுக்கு மொத்த வெயிட்டையும் போடலாம்னு ஏறுறேன், பின்னாடிலேர்ந்து ஒரு கத்தல்.

"டேய்! இறங்குடா கீழ!"

அப்பா. இடுப்பு வரைக்கும் சேறு, கையில அரிவாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கற மகன்கிட்ட அவரு பேசுன மொத வார்த்தை இதுதான்.

"அம்மாவுக்கு மருந்து வாங்கணும்ப்பா, கிக்கர் ஸ்ட்ரக் ஆயிருக்கு."

"ஸ்ட்ரக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. உள்ள தண்ணி நிக்குது. காத்துன்னா அமுங்கும். தண்ணி அமுங்குமா? ஒண்ணு நீ தோக்கணும், இல்ல உள்ள இருக்கற ராடு தோக்கணும்."

"அப்ப மருந்து?"

"கால் இருக்குல்ல. நடந்தா ஒன்றரை மணி நேரம். போயிட்டு வா. காலைலேர்ந்து வடிகால்ல நின்னேன், இல்லாட்டி நானே போயிருப்பேன்."

நடந்தேன். வாழ்க்கைல அவ்வளவு கோவமா நான் நடந்ததில்லை. முட்டித் தண்ணில செருப்பு ஒண்ணு போச்சு, இன்னொண்ணை நானே தூக்கிப் போட்டேன். பாதி வழில 'டுபு டுபு'ன்னு ஒரு சத்தம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அவரு வண்டி. அதுவும் தண்ணில நின்ன வண்டிதான். பின்னாடி அண்ணி, மடியில புள்ள. "என்னடா, சித்தப்பா வண்டி இன்னும் தூங்குதா? ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளுடா, தானா எந்திரிக்கும்!"னு சேத்தை வாரி அடிச்சிட்டுப் போனாரு. சைலன்சர்லேர்ந்து வெள்ளையா ஆவி போச்சு. எங்கப்பா ஒரு பயந்தாங்கொள்ளின்னு நான் முடிவு பண்ணது அந்த நிமிஷம்.

மருந்து கெடைச்சுது. இருட்டறதுக்குள்ள திரும்பிட்டேன். அம்மா ஊசி போட்டுக்கிட்டு எனக்கு ரசஞ்சோறு போட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி காடா விளக்கு வெளிச்சத்துல அப்பா ஒரு விஷயம் சொன்னாரு. அதுக்கு முன்னாடி எங்கிட்ட அவரு சொன்னதே இல்ல. 1977 நவம்பர்ல நாகப்பட்டினம் பக்கம் அடிச்ச பெரும் புயல் தெரியும்ல, அப்ப அவருக்கு இருபது வயசு. தாத்தாவோட டீசல் பம்புசெட் கொட்டகையோட முங்கிப் போச்சு. தண்ணி இறங்குனதும் தாத்தாவை சந்தோஷப்படுத்தணும்னு இவரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயி, ஹேண்டிலைப் போட்டு வேகமா சுத்தி டீகம்ப்ரஷனைத் தட்டி விட்டாரு. ஃப்ளைவீல் கனத்துக்கு அது நிக்குமா? உள்ள இருந்த தண்ணி அமுங்காம கனெக்டிங் ராடு வளைஞ்சு, பிளாக்குல விரிசல். அந்த வருஷம் பம்பு இல்லாமயே ஓடுச்சு. தாத்தா எட்டு மாசம் அவருகிட்ட பேசலையாம். திட்டிருந்தாக்கூட பரவால்லடான்னாரு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை காலைல வேலை ஆரம்பம். அப்பா கொத்தனார், நான் சித்தாள். எந்த மெக்கானிக் கடையும் திறக்கல, திறந்திருந்தாலும் முப்பது வண்டி முன்னாடி நிக்கும்.

மொதல்ல பிளக்கைக் கழட்டச் சொன்னாரு. கழட்டிட்டு கிக்கரைக் காலால இல்ல, கையால மெதுவா அமுக்கச் சொன்னாரு. பிளக் ஓட்டை வழியா பீச்சாங்குழல் மாதிரி பழுப்புத் தண்ணி சர்ருனு அடிச்சு என் சட்டையெல்லாம் கோலம். முந்தா நாள் நான் சண்டை போட்டது இந்தத் தண்ணியோடதான். காத்து மட்டும் புஸ்ஸுனு வர்ற வரைக்கும் அமுக்கினேன். அப்பறம் அதே ஓட்டைல ஒரு ஸ்பூன் சுத்தமான ஆயிலை விட்டு திரும்ப நாலு அமுக்கு. சிலிண்டர் சுவரு ஒரு ராத்திரி காஞ்சாலே துருப் புடிக்க ஆரம்பிச்சுடுமாம். ஸ்டார்ட் பண்ணத்தான் அவசரம் கூடாது, தண்ணியை வெளில எடுக்கறதுல அவசரம் உண்டுன்னாரு. தண்ணி இறங்குன அன்னிக்கே செஞ்சிருக்கணும், வடிகால்னால முடியலன்னு அவருக்கு வருத்தம்.

அடுத்தது என்ஜின் ஆயில். எனக்கு இன்னிக்கும் ரொம்பப் புடிச்ச கட்டம் இதான். அடில இருக்கற டிரெயின் நட்டைக் கழட்டினதும் ஆயில் வரல. தண்ணி வந்துச்சு. கிட்டத்தட்ட தெளிஞ்ச தண்ணி, ஒரு டம்ளருக்கு மேல. அப்பா மொகத்துல மூணு நாளைக்கு அப்பறம் ஒரு சிரிப்பு. ஏன்னு கேட்டேன். "ஆயிலை விட தண்ணி கனம்டா. என்ஜினைச் சுத்தலைன்னா தண்ணி அடில போயி தனியா உக்காந்துக்கும், நட்டைத் திறந்தா மரியாதையா வெளில போயிடும். ஓட்டிட்டேன்னா ரெண்டும் கலந்து பால் காப்பி ஆயிடும். அப்பறம் அது எல்லா பேரிங்குக்குள்ளயும் பூந்துக்கும்." தண்ணிக்கப்பறம் கருப்பு ஆயில் வந்துச்சு. கடைசில கொஞ்சூண்டு வெளுத்த மாதிரி ஒழுகுச்சு. அதைக் காட்டி, "இது நீ உதைச்ச உதை"ன்னாரு.

தண்ணி எப்படி உள்ள போச்சு? சைலன்சர் வழியா ஒரு பக்கம், ஏர் ஃபில்டர் டப்பா வழியா கார்ப்பரேட்டருக்குள்ள இன்னொரு பக்கம், என்ஜின் மூச்சு விடுற பிரீதர் குழாய் வழியா ஆயிலுக்குள்ள. டேங்க்கு மூடில காத்துப் போக இருக்கற சின்ன ஓட்டை வழியா பெட்ரோலுக்குள்ளயும். மூடி வச்சிருக்கோம்னு நாம நினைக்கிறோம், வண்டி முழுக்க மூக்குதான்.

பெட்ரோலை டியூபைப் பிடுங்கிக் கண்ணாடி பாட்டில்ல புடிச்சோம். கொஞ்ச நேரம் அப்படியே வச்சா கீழ தண்ணி, மேல பெட்ரோல், நடுவுல கோடு போட்ட மாதிரி ஒரு பிரிவு. காக்கை ரிசர்வுல வச்சுப் புடிக்கணும், ஏன்னா டேங்க்கோட அடிலேர்ந்து எடுக்கறது அதுதான். மேல இருந்த பெட்ரோலை அலுங்காம வடிச்சு, அதுலயே கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் ஜெட்டையும் கழுவுனோம். கிண்ணத்துக்குள்ள வண்டல் இருந்துச்சு. காவேரி வண்டல் வயலுக்குத்தான் நல்லது :-)

கரண்ட் சமாச்சாரம்தான் இழுத்துடுச்சு. நவம்பர்ல வெயிலுக்கு எங்க போறது? பிளக்கை அம்மா அடுப்புத் தணல் ஓரமா வச்சு சுட்டுக் குடுத்தாங்க, கருவாடு மாதிரி. சி.டி.ஐ. டப்பா, காயில், கப்ளர் எல்லாத்தையும் பிரிச்சு, துணியால தொடச்சு, அடுப்பு மேல இருந்த பரண்ல சூடு படாத தூரத்துல ஒரு நாள் வச்சோம். மேக்னெட் கவரைத் திறந்தா அதுக்குள்ள ஒரு குட்டிக் குளம். இப்பல்லாம் மொபைல் நனைஞ்சா அரிசிக்குள்ள போட்டு வைன்னு சொல்றாங்க. எங்க வீட்டுல அரிசியே நனைஞ்சுதான் கெடந்துச்சு. ஒரு நல்ல விஷயம், அந்த மாடலுக்கு ஸ்டார்ட் ஆவ பேட்டரி தேவையில்லை. மேக்னெட் சுத்துனா அதுவே பொறியைக் குடுத்துடும்.

சக்கரம் ரெண்டையும் கழட்டி பிரேக் டிரம்முக்குள்ள இருந்த சேத்தை வழிச்சு, ஷூவை உப்புத்தாளால தேய்ச்சு, ஃபில்டரை மண்ணெண்ணெய்ல அலசி... இதெல்லாம் விலாவாரியா சொன்னா தூங்கிடுவீங்க.

புது ஆயில் எங்க கெடைக்கும்? பம்புசெட்டுக்கு வாங்கி பரண்ல வச்சிருந்த டின்னு இருந்துச்சு. அதை ஊத்தி, திங்கக்கிழமை சாயந்திரம் பிளக்கை மாட்டி, அப்பா கிக்கரை மிதிச்சாரு. மொத மிதில ஒண்ணும் இல்ல. நாலாவதுல ஒரு இருமல். ஏழோ எட்டோ, சைலன்சர்லேர்ந்து புளிச் புளிச்சுனு தண்ணியும் புகையும் துப்பிக்கிட்டு எந்திரிச்சுது. நான் விசிலடிச்சேன். அப்பா உடனே ஆஃப் பண்ணிட்டாரு! ரெண்டே நிமிஷம். திரும்ப ஆயிலை இறக்குனாரு. இந்தத் தடவை பால் காப்பி. மூலை முடுக்குல ஒட்டியிருந்த தண்ணியெல்லாம் இப்பத்தான் கலந்து வருதாம். ரெண்டாவது தடவை ஊத்தி, அஞ்சு நிமிஷம் ஓட்டி, திரும்ப இறக்கம். கொஞ்சம் டிகாஷன் கலரு. மூணாவது தடவை குச்சியை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "இது ஆயிலு"ன்னாரு. ரெண்டு டின்னு காலி. எனக்கு மனசு கேக்கல, அவருக்கு கவலையே இல்ல.

செவ்வாக்கிழமை அந்த வண்டில அவரோட வயலுக்குப் போனேன். பள்ளத்துல இருந்த ரெண்டு மா நிலம் அழுகி நாத்தம் அடிச்சுது. மேட்டுப் பக்கம் காட்டாமணக்கை வெட்டி விட்டதுல தண்ணி இறங்கி, பயிரு சேறு பூசிக்கிட்டு சாஞ்சு கெடந்துச்சு. நாலு இடத்துல குருத்தைப் பிடுங்கி வெள்ளையா இருக்கான்னு பாத்தாரு. "பொழைச்சுக்கும்"னாரு. யூரியாவும் ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வச்சு வீசணும், அதுக்கு மூட்டை கொண்டார வண்டி வேணும். வண்டி இருந்துச்சு. அந்த வருஷம் பாதிக்குக் கொஞ்சம் கம்மியா அறுத்தாரு.

அண்ணன் வண்டி? ஒரு பத்து நாள் நல்லாத்தான் ஓடுச்சு. அவரு வண்டில சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்காம ஆயிலுக்குள்ள மட்டும் போயிருக்கணும், அதான் தள்ளுனதும் எந்திரிச்சுது. அப்பறம் அடிலேர்ந்து கடகடன்னு ஒரு சத்தம். திறந்து பாத்தா கிராங்க் பேரிங், பிஸ்டன், போர் எல்லாம் காலி. நாலாயிரத்துச் சொச்சம் பழுத்துச்சு. எங்கப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான்தான் அண்ணன்கிட்ட போன்ல, "என்னண்ணே, தூங்குதா?"ன்னு கேட்டேன். இருக்கட்டும், செருப்பு போச்சுல்ல.

நெல்லு பத்திப் பேசறப்ப ஒண்ணு சொல்லிடறேன். பொதுவா நெல்லுப் பயிரு முழுசா முங்கிப் போச்சுன்னா பதறிப் போயி தண்ணிக்கு மேல தலையைத் தூக்க வேகவேகமா வளரப் பாக்குமாம். இருந்த சாப்பாட்டையெல்லாம் அதுலயே செலவழிச்சுட்டு, தண்ணி வடியறப்ப துவண்டு செத்துடும். ஒடிசாவுல ஒரு பழைய நாட்டு ரகத்துல இருந்த சப்-1ங்கற மரபணுவை எடுத்து மத்த ரகங்கள்ல சேத்தாங்க. அது இருந்தா பயிரு வளர்ச்சியை நிறுத்திக்கிட்டு சும்மா கெடக்கும். ரெண்டு வாரம் வரைக்கும் முங்கியிருந்தாலும் தண்ணி வடிஞ்சதும் துளிர்க்கும். நம்ம சி.ஆர். 1009க்கே சப்-1 வந்து, டெல்டால இப்ப போடறாங்க. இதை அப்பாகிட்ட வெளக்கிச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அப்ப அந்தப் பயிருக்கு உன்ன விட புத்தி இருக்கு"ன்னாரு.

இப்ப என்கிட்ட இருக்கறது ஸ்கூட்டர். கார்ப்பரேட்டர் கிடையாது, 2020லேர்ந்து பி.எஸ். 6 வந்தப்பறம் எல்லாம் இன்ஜெக்‌ஷனும் சென்சரும்தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் அப்ப வேளச்சேரில அதுவும் முங்குச்சு. இந்த வண்டிகளுக்கு சாவியே போடக் கூடாது. போட்டா ஈரத்துல கரண்ட் பாஞ்சு கம்ப்யூட்டர் டப்பா போயிடும். பேட்டரி ஒயரைக் கழட்டி வச்சுட்டு, தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போறதுதான் வழி. இன்னொண்ணு, பெட்ரோல்ல இப்ப 20 சதவீதம் எத்தனால். தண்ணி சேந்தா எத்தனால் பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட சேந்து அடில போயிடும். அதனால அப்பா மாதிரி பாட்டில்ல தெளிய வச்சு மேல இருக்கறதை எடுத்து ஊத்தற வேலையெல்லாம் இப்ப வேணாம், மொத்தமா மாத்திடுங்க. இன்சூரன்ஸ்ல மூணாம் தரப்பு மட்டும் இருந்தா வெள்ளத்துக்கு அஞ்சு பைசா வராது. முழு பாலிசி இருந்தாலும், தண்ணியோட ஸ்டார்ட் பண்ணிப் பாத்ததால என்ஜின் போச்சுன்னு தெரிஞ்சா கையை விரிக்க வாய்ப்பு நெறைய. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி தண்ணி நின்ன கோட்டோட ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

அன்னிக்கு நாலு நாள் கழிச்சு டவர் கெடைச்சு ஊருக்கு போன் போட்டேன். நாங்க நல்லாருக்கோம், புள்ளைங்க நல்லாருக்கு, வண்டிதான் முங்கிடுச்சுன்னு சொல்லி முடிக்கல, அப்பா கேட்டாரு:

"செல்ஃப் போட்டுப் பாக்கலையே?"

"இல்லப்பா."

"ம்"னுட்டு போனை அம்மாகிட்ட குடுத்துட்டாரு.

ஸ்பிளெண்டர் இன்னும் ஊர்ல ஓடுது. 2018ல கஜா அடிச்சப்ப மாட்டுக் கொட்டாய் ஷீட்டு மேல விழுந்து ஹெட்லைட் டூம் உடைஞ்சுது, அவ்வளவுதான். கஜால தண்ணியை விட காத்துதானே. கூட இருந்த தென்னை பதினொண்ணுல ரெண்டுதான் மிச்சம்.

பிளக் ஸ்பேனர் 2015 வெள்ளத்துக்கு நான் ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்தது, திருப்பிக் குடுக்கவே இல்ல. போன வாரம் அப்பா கேட்டாரு, மழை வரப் போவுது, எங்கடா அது, சீட்டுக்கு அடில காணமேன்னு. தேடிப் பாக்கறேன்ப்பான்னு சொல்லி வச்சிருக்கேன்.